அழிவும் அழிப்பும்: ஓர் அறவியல் நோக்கு

தோன்றியவை யாவும் மறையும் என்பது தமிழர் சிந்தனையில் நெடுங்காலமாக வேரூன்றிய கருத்து. இளமை நில்லாது, செல்வம் நில்லாது, யாக்கை நில்லாது என அறநூல்களும் சமய நூல்களும் ஓயாது உரைத்து வந்துள்ளன. ஆயினும் அந்நூல்கள் நிலையாமையைப் பேசும்போது தனியுயிரின் நிலையாமையையே பெரிதும் கருத்திற் கொண்டன. ஒரு மான் இறக்கும். மான் என்னும் இனம் இறவாது. ஒரு தவளை மடியும். அடுத்த மாரியில் வேறொரு தவளை குரல் கொடுக்கும். வந்து போவன தனியுயிர்களே, இனம் என்றும் நிற்பது என்ற நம்பிக்கை அக்கருத்தின் அடியில் இருந்தது. மேலைத்தேயத்தவரும் அண்மைக்காலம்வரை இவ்வாறே நம்பினர். பிரான்சிய அறிஞர் ஜோர்ஜ் குவியே, மண்ணிலிருந்து பெறப்பட்ட பேருருவ யானைகளின் எலும்புகளை வாழும் யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, அவை இன்று எங்குமே இல்லாத வேறு இனங்களுக்குரியன என 1796ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஓர் இனம் முழுவதுமே உலகினின்று நீங்கிவிடக்கூடும் என்ற உண்மை அதன் பின்னரே நிலைபெற்றது. இக்கருத்தின் வயது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்டது. ஆதலால் இதனையொட்டி எழும் அறக்கேள்வியும் புதியதே.

அக்கேள்வி பின்வருமாறு: உலகில் தோன்றிய உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை மனிதன் தோன்றுமுன்னரே அழிந்தொழிந்தன. அழிவே இயற்கையின் வழக்கம். அவ்வாறாயின் இன்று மனிதனது செயலால் மேலும் சில இனங்கள் அழியுமிடத்து அதனைத் தவறு என்று கூற இடமுண்டா? இக்கேள்விக்கு உணர்ச்சியினால் விடைகூறல் எளிது. நியாயத்தினால் விடைகூறல் எளிதன்று. கல்லாகிக் கிடக்கும் ஈரூடகவாழி ஒன்றை முன்வைத்து இதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

ஒரு மண்டையோடும் ஒரு கற்படையும்

மத்திய இந்தியாவில், நாகபுரிக்குத் தெற்கே, மங்களி என்னும் சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாகபுரியில் சமயப்பணி ஆற்றிய ஸ்ரீபன் ஹிஸ்லொப், றொபேட் ஹன்ரர் என்னும் ஸ்கொத்லாந்து மிசனரிமார் இருவர், ஓய்வு நேரங்களில் அப்பகுதியின் பாறைகளையும் ஆராய்ந்தனர். மங்களியின் மணற்கல்லிலிருந்து கிடைத்த மண்டையோடு ஒன்று இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 'டைனோசோர்' என்னும் சொல்லை 1842இல் ஆக்கியவரான றிச்சர்ட் ஓவன் அதனை ஆராய்ந்து, 1855இல் 'பிராக்கியொப்ஸ் லற்றிசெப்ஸ்' எனப் பெயரிட்டார். குறுகிய முகமும் அகன்ற தலையும் உடையது என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா என்பன ஒரே பெருநிலமாக இணைந்திருந்த காலத்தில், அப்பெருநிலத்தின் நன்னீர்நிலைகளில் வாழ்ந்த ஈரூடகவாழி அது.

தட்டையான தலையும் மேல்நோக்கிய கண்களும் அகன்ற வாயும் கொண்ட இவ்வுயிர், நீரடியில் அசையாது கிடந்து அருகில் வரும் இரையைக் கவ்வி வாழ்ந்திருத்தல் வேண்டும் என அதன் உறவினங்களை ஆராய்ந்தோர் கருதுவர். அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறு இனங்களின் எச்சங்கள் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கிடைத்துள்ளன. இப்பெரும் பிரிவின் கடைசி உறுப்பினர் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியாவின் குளிர்ந்த ஆறுகளில் வாழ்ந்து மறைந்தனர். எனினும் இக்காலத் தவளைகள் இப்பிரிவின் ஒரு கிளையிலிருந்தே கூர்ப்படைந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே வயற்கரையிற் குரல் கொடுக்கும் தவளைக்கு இந்தப் பிராக்கியொப்ஸ் மிகத் தொலைவான பாட்டன் முறையினது எனலாம்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பிராக்கியொப்ஸ் என்னும் இனத்தைப் பற்றி உலகம் அறிந்தவை யாவும் அந்த ஒரு மண்டையோட்டையே ஆதாரமாகக் கொண்டவை. பல தலைமுறைகளாக வாழ்ந்து, இரை தேடி, இனம்பெருக்கி, இறந்துபோன எண்ணற்ற உயிர்களின் பொருட்டு ஒரேயொரு தலை சாட்சியாக நிற்கின்றது. அந்தத் தலைக்குரிய உயிரைப் பார்த்தவர் எவருமிலர். அது மறைந்தபோது வருந்தியவரும் எவருமிலர்.

பம்பாய் நகரின் வொர்ளிக் குன்றில் கிடைத்த சான்று இதற்கு மாறானது. அங்கே எரிமலைப் பாறைகளுக்கு இடையில் அமைந்த மெல்லிய கரிய கற்படையொன்றிற் சிறு தவளைகளின் எலும்புக்கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றையும் ஓவனே 1847இல் விவரித்தார். 1930இல் அமெரிக்க அறிஞர் நோபிள் அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'இந்தோபத்திராக்கஸ்' எனப் பெயரிட்டார். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், தக்கணப் பீடபூமியை எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் மூடிய காலத்தில், இரு பெருக்குகளுக்கு இடைப்பட்ட அமைதியில் தோன்றிய நீர்நிலைகளில் வாழ்ந்த தவளை அது. அடுத்த பெருக்கு வந்து அந்நீர்நிலையை மூடியது. தவளைகளின் மேற் கல் மூடியது. கல்லின் மேல் நகரம் எழுந்தது.

இவ்விரு அழிவுகளிலும் குற்றவாளி எவருமில்லை. நிலம் பிரிந்ததும், நெருப்பு உமிழ்ந்ததும், காலநிலை மாறியதும் எவரது விருப்பத்தாலும் நிகழ்ந்தவை அல்ல. அறத்தின் நோக்கில் அவை நன்மையுமல்ல, தீமையுமல்ல, வெறும் நிகழ்ச்சிகளே. இதுவரை ஐயமில்லை. ஐயம் எழுவது, இந்நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டி இன்றைய செயல்களுக்கு நியாயம் தேடும்போதே.

ஆரையம்பதியும் அதன் பெயரும்

இது மங்களிக்கோ பம்பாய்க்கோ மட்டும் உரிய கேள்வியன்று; நீரும் நிலமும் கலந்து வாழும் எவ்வூரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த ஆரையம்பதி அத்தகைய ஊர்களுள் ஒன்று. அதன் நிலத்தடியிற் பிராக்கியொப்சைப் போன்றதொரு எச்சத்தைத் தேடிப் பயனில்லை. கிழக்கிலங்கையின் அடித்தளமாயமைந்த விஜயன் தொகுதிப் பாறைகள் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையவை. உயிர்ச்சுவடு தங்கக்கூடிய கற்கள் அவையல்ல. அவற்றின்மேற் படிந்திருக்கும் மணலோ, நிலவியல் வரலாற்றின்படி, நேற்று வந்து சேர்ந்தது.

ஆயினும் அவ்வூர் தன் பெயரிலேயே ஒரு சுவட்டைத் தாங்கி நிற்கின்றது. ஆரையம்பதியின் முன்னைய பெயர் ஆரைப்பற்றை என்பர். ஈரநிலத்தில் நான்கு சிற்றிலைகளை விரித்து, நீரில் மிதந்தும் சேற்றில் நின்றும் வளரும் ஆரைச் செடி அங்கே பற்றையாய் மண்டிக் கிடந்தமையால் அப்பெயர் வந்தது என்பது வழக்கு. ஆரையும் ஒருவகையில் ஈரூடகத்தில் வாழ்வதே. நீர் நிறைந்த காலத்தும் நீர் வற்றிய காலத்தும் தன் வாழ்வை மாற்றியமைத்துக் கொள்வது. அச்செடி ஓரூரிலிருந்து முற்றாக நீங்கிவிட்டாலும் ஊரின் பெயர் நீங்காது. அப்போது அந்தப் பெயர், மங்களி மண்டையோட்டைப் போல, இல்லாத ஒன்றன் எச்சமாகவே எஞ்சும்.

வாவியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரு தன்மையதன்று. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் மாதங்களில் ஆற்று வெள்ளத்தால் அது நன்னீராகும். மாரி ஓய்ந்து முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறும்போது உவர்நீராகும். தவளையின் தோல் நீரையும் உப்பையும் எளிதில் உட்புகவிடுவது. ஆதலால் பெரும்பாலான தவளைகள் உவர்நீரைத் தாங்கா. வாவிக் கரையோரத்து மழைநீர்ப் பள்ளங்கள், கேணிகள், குளங்கள், படுவான்கரையின் நெல்வயல்கள் என்பனவே அவற்றின் புகலிடம். அத்தகைய தாழ்நிலங்களே வீடு கட்டுவதற்கும் கடை அமைப்பதற்கும் முதலில் மண்ணிட்டு நிரப்பப்படுபவை. பிராக்கியொப்சைப் பற்றிய கேள்வி இங்குதான் இன்றைய கேள்வியாக மாறுகின்றது.

இயற்கை என்னும் வாதம்

'அழிவு இயற்கையாதலால் அழித்தலும் இயல்பே' என்பார் வாதம் பார்வைக்கு வலிமையுடையது. அறிவியலே அதற்குத் துணைநிற்பது போலவும் தோன்றும். ஆயின் அதன் அமைப்பைச் சற்றே கூர்ந்து நோக்கினால் அதன் குறை வெளிப்படும். எல்லா மனிதரும் ஒருநாள் இறப்பர். அதனாற் கொலை குற்றமன்று என்று எவரும் கூறார். இறப்பு நிகழ்வது என்பதிலிருந்து இறப்பிக்கலாம் என்பது பெறப்படாது. முன்னது நிகழ்ச்சியைக் கூறுவது; பின்னது செயலை அனுமதிப்பது. நிகழ்ச்சியிலிருந்து அனுமதியைப் பெறுதல் தருக்கப் பிழை.

மட்டக்களப்புப் பகுதி மக்களுக்கு இந்த வேறுபாட்டை நூல் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி அங்கே வீடுகளையும் தென்னைகளையும் உயிர்களையும் கொண்டு சென்றது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்களின் கடற்பக்கத்தைச் சிதைத்தது, கிணறுகள் உவர்ப்பாயின, குடும்பங்கள் அழிந்தன. அவ்விழப்புகளுக்காக மக்கள் அழுதனர். எனினும் காற்றையும் கடலையும் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் நீண்ட போர்க்காலத்தில் மனிதர் மனிதருக்கு இழைத்தவற்றைப் பற்றி, 'மரணம் எவர்க்கும் உள்ளதே' என்று கூறி அமைந்தவர் எவர்? அங்கே மக்கள் கேட்டது ஆறுதலையன்று, நீதியை. துயரின் அளவு இரண்டிலும் ஒன்றாயிருத்தல் கூடும். துயரின் தன்மை ஒன்றன்று. ஒன்றில் இழப்பு மட்டுமே உண்டு. மற்றதில் இழப்போடு தவறும் உண்டு.

தமிழ் அறமரபும் இதற்கு மாறாகக் கூறவில்லை. திருக்குறளின் துறவறவியலில் 'நிலையாமை' முப்பத்துநான்காம் அதிகாரம். அதற்கு உடன்முன் நிற்கும் முப்பத்துமூன்றாம் அதிகாரம் 'கொல்லாமை'. எல்லாம் நிலையாதது என்று உணர்ந்தவனே கொல்லாதவனாகவும் இருத்தல் வேண்டும் என்று கருதியே இரண்டும் அருகருகே வைக்கப்பட்டன எனக் கொள்ளல் தகும். நிலையாமை பற்றிய உணர்வு பற்றைத் தளர்த்துவதற்கு வந்தது. கையை அவிழ்த்து விடுவதற்கு வந்ததன்று. நிலையாமையைக் காட்டி அழிப்பை நியாயப்படுத்துவோர், இரண்டு அதிகாரங்களில் ஒன்றை மட்டுமே படித்தவராவர்.

பயன் என்னும் வாதம்

உயிரினங்களைக் காக்க வேண்டும் என்போருள் ஒரு சாரார் பயனை முன்வைத்து வாதிடுவர். தவளை வயலின் பூச்சிகளை உண்கின்றது. ஆதலாற் காக்கத்தக்கது என்பர். இவ்வாதத்திற்குச் சான்றுகள் உண்டு. இந்தியாவிலிருந்து ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொன் தவளைக்கால்கள் மேலைநாட்டு உணவுமேசைகளுக்கு ஏற்றுமதியாயின. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுவது பற்றியும், அதனால் பூச்சிகொல்லிச் செலவு கூடுவது பற்றியும் எழுந்த கவலையின் விளைவாக 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

அவுஸ்திரேலியாவின் இரைப்பைத் தவளை இதனினும் வியத்தகு சான்று. 1973இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட அத்தவளையின் பெண், கருவுற்ற முட்டைகளை விழுங்கித் தன் இரைப்பையினுள்ளேயே குஞ்சுகளை வளர்த்து வாய்வழியே ஈன்றது. அக்காலம் முழுவதும் அதன் இரைப்பையில் அமிலம் சுரப்பது நின்றிருந்தது. குடற்புண் நோயாளருக்குப் பயன்தரும் இரகசியம் அதனுள் இருக்கலாம் எனக் கருதிய ஆய்வாளர் ஆய்வைத் தொடங்கினர். ஆனால் 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னர் அவ்வகைத் தவளையின் இரு இனங்களுள் எதனையும் எவரும் காணவில்லை. ஆய்வு முடியுமுன் ஆய்வுப்பொருள் முடிந்தது.

ஆயினும் பயன் என்னும் வாதம் முழுமையான அடித்தளமாகாது. பயனுள்ளதைக் காக்க வேண்டும் என்பதன் மறுபக்கம், பயனற்றதைக் கைவிடலாம் என்பதே. பிராக்கியொப்ஸ் எவருக்குப் பயன்பட்டது? அதன் காலத்தில் பயன்கொள்ள மனிதனே இல்லை. அது வாழ்ந்த வாழ்வு அதற்கே உரியதாயிருந்தது. பயனை ஒன்றே அளவுகோலாகக் கொண்டால் முதியோரையும் நோயாளரையும் பற்றியும் அதே கேள்வியை எழுப்ப நேரும். மனிதர் விடயத்தில் அருவருக்கத்தக்கதாகத் தோன்றும் அளவுகோல், பிறவுயிர் விடயத்தில் மட்டும் முழு நியாயமாகிவிடும் என்பதற்குக் காரணம் காட்டப்படல் வேண்டும்.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றை ஒளிவின்றி எடுத்துரைப்பதும் கடனாகும். ஆரையம்பதியையும் அதனை அடுத்த ஊர்களையும் உள்ளடக்கிய எழுவான்கரை ஒடுங்கிய நிலத்துண்டு, மக்கள்நெருக்கம் மிகுந்தது. காணி இல்லாத குடும்பமொன்று, வாவிக்கரைத் தாழ்நிலத்தை நிரப்பி ஒரு குடிசை அமைக்குமாயின், 'தவளைக்கு இடம் விடுக' என்று அதனிடம் சொல்லும் உரிமை எவர்க்குண்டு? மலைநாட்டின் காடுகளை அழித்துப் பெருந்தோட்டம் அமைத்தவர் செல்வராயினர். உயிரினங்களைக் காக்கும் சுமை மட்டும் ஏழையின் வாசலில் இறக்கப்படுமாயின் அது அறமாகாது. பசித்தவனுடைய தேவையும் பொருளீட்டுவோனுடைய பேராசையும் ஒரே தராசில் நிறுக்கப்படக்கூடாதவை. ஆகவே உயிரினத்துக்கான கடமை என்று ஒன்று உண்டெனின், அதன் சுமை ஆற்றலுக்கும் ஈட்டிய இலாபத்துக்கும் ஏற்பப் பகிரப்படல் வேண்டும். வீடற்ற குடும்பத்துக்குப் பொருத்தமான வேறு காணி வழங்குவது சமூகத்தின் கடமை. அக்கடமையைச் செய்யாத சமூகம் அக்குடும்பத்தைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றது. ஆனால் இவ்வாதம் கடமையின் பங்கீட்டைப் பற்றியதே. கடமை இல்லை என்பதற்கு இது சான்றாகாது.

இனம் வெறும் பெயரா?

இன்னொரு மறுப்பு தத்துவ நுட்பம் வாய்ந்தது. துன்பத்தை உணர்வது தனியுயிரே, இனம் உணர்வதில்லை. விலங்குகளைப் பற்றிய கேள்வி அவை துன்புறவல்லனவா என்பதே என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெந்தாம் 1789இல் வெளியான நூலில் வாதித்தார். அந்நோக்கின்படி, இனத்தின் கடைசித் தவளை சாகும்போது அது படும் துன்பம் வேறெந்தத் தவளையும் படும் துன்பத்தினின்று வேறுபட்டதன்று. 'இனம்' என்பது மனிதன் இட்ட பெயர். பெயருக்குத் தீங்கிழைக்க முடியாது. எனவே இனத்தின் அழிவில் தனித் தவறு ஏதுமில்லை என்பர்.

இம்மறுப்புக்கு விடைகாண, மட்டக்களப்பு நிலத்துக்கே உரிய ஓர் உதாரணம் துணைசெய்யும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன பண்டைத் தமிழ் யாழை ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளியாயிற்று. எவரும் கண்டிராத, எவரும் கேட்டிராத இசைக்கருவியை, சிலப்பதிகாரத்திலும் பிற நூல்களிலும் சிதறிக்கிடந்த குறிப்புகளிலிருந்து கணித முறையால் மீட்டெடுக்க அவர் முயன்றார். அம்முயற்சி மண்டையோட்டிலிருந்து முழுவுடலை உருவகிக்கும் உயிர்ச்சுவட்டு ஆய்வாளன் முயற்சியை ஒத்தது. யாழ் அழிந்தபோது இழக்கப்பட்டது மரமும் நரம்பும் அல்ல. அவை என்றும் உள்ளன. இழக்கப்பட்டது ஓர் ஒழுங்கு; தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு வழிமுறை. எந்தவொரு யாழுக்கும் வலிக்கவில்லை என்பதனால் இழப்பு இல்லை என்று எவரும் கூறார்.

உயிரினமும் அத்தகையதே. ஓர் இனம் என்பது தவளைகளின் தொகையன்று. பல இலட்சம் ஆண்டுகளாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கையளிக்கப்பட்டு வந்த வாழும் முறை. கடைசித் தவளையோடு மடிவது அத்தவளை மட்டுமன்று. பிறக்கவிருந்த யாவும் மடிகின்றன. ஆயினும் யாழுக்கும் உயிரினத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. யாழ் மனித அறிவிற் பிறந்தது. ஆதலால் அறிவின் எச்சங்களைக் கொண்டு அதனை மீண்டும் ஆக்க முயலலாம். உயிரினம் மனித அறிவிற் பிறந்ததன்று. 2013இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், உறையவைத்துப் பேணப்பட்ட இரைப்பைத் தவளையின் கலங்களிலிருந்து கருவை வேறொரு தவளையின் முட்டையினுட் புகுத்தினர். அம்முளையங்கள் சில நாள்களுக்கு மேல் வாழவில்லை. ஆக்கத் தெரியாத ஒன்றை அழிக்கத் துணிபவன், திருப்பிச் செலுத்த முடியாத கடனை வாங்குபவனுக்கு ஒப்பானவன்.

அறிவும் பொறுப்பும்

இலங்கையின் நிலைமை இவ்வாதத்தை ஏட்டளவில் நிற்கவிடாது அருகே கொணர்கின்றது. 2000களில் வெளியான உலகப் பட்டியல்களில், அண்மைக்காலத்தில் அழிந்தனவெனக் குறிக்கப்பட்ட ஈரூடகவாழி இனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இச்சிறு தீவுக்குரியவை. அவற்றுட் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர் சேகரித்துச் சென்ற உடல்களால் மட்டுமே அறியப்பட்டவை. அதே நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. போத்தல்களில் ஊறும் அவ்வுடல்கள் மங்களி மண்டையோட்டுக்கு ஒப்பானவை. ஆனால் ஒன்றைக் கல்லாக்கியது காலம். மற்றதைப் போத்தலில் மட்டும் எஞ்சவைத்தது தோட்டக் கணக்கு.

இதனிடையே நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட் 1853இல் விவரித்த மரத்தவளை இனமொன்று, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்து, 2009இற் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. அழிந்ததென 2004இல் அறிவிக்கப்பட்ட கண்டிக் குறுந்தேரையும் அதே ஆண்டில் அதே மலைப்பகுதியில் உயிருடன் காணப்பட்டது. இவற்றைக் காட்டி, 'அழிந்தது என்ற கூற்றே நம்பத்தகாதது. கவலை வேண்டாம்' எனச் சிலர் கூறலாம். உண்மை அதற்கு மாறானது. அவை தப்பியது காடு எஞ்சியிருந்த இடத்தில். காடு எஞ்சாத இடங்களில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. என்ன இருக்கின்றது என்பதே முழுமையாகத் தெரியாதபோது, அழித்தபின் வருந்துவதினும் அழிக்குமுன் தயங்குதல் அறிவுடைமை.

இவ்விடத்திலே கட்டுரையின் மையக் கருத்துக்கு வரலாம். பிராக்கியொப்சின் அழிவுக்கும் இக்காலத் தவளையின் அழிவுக்கும் உள்ள வேறுபாடு, அழிவின் அளவிலோ வேகத்திலோ மட்டும் தங்கியதன்று. அறிவோன் ஒருவன் உடனிருத்தலில் தங்கியது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்வதை அறிந்தவர் எவருமிலர். ஆதலால் தடுக்கக் கடமைப்பட்டவரும் எவருமிலர். இன்று அறிந்தவர் உளர். பல கண்டங்களிற் தவளைகளைக் கொன்ற பூஞ்சண நோயொன்றை 1990களின் இறுதியில் ஆய்வாளர் இனங்கண்டனர். உயிர்வணிகத்தினூடாக அது உலகெங்கும் பரவிற்று என்பதும், ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அதனால் நலிந்தன என்பதும், அவற்றுள் ஏறத்தாழத் தொண்ணூறு அழிந்தன எனக் கருதப்படுவதும் இன்று நூல்களில் உள்ளன. அறிந்த பின்னர் 'நிகழ்ந்தது' என்று சொல்வதற்கில்லை. 'விடப்பட்டது' என்றே சொல்லவேண்டும்.

ஜேர்மானிய தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ், 1979இல் வெளியிட்ட நூலில், மனிதனது தொழில்நுட்ப ஆற்றல் பெருகப் பெருக அவனது பொறுப்பும் பெருகும் என்றும், அப்பொறுப்பு இன்னும் பிறவாத தலைமுறைகளையும் இயற்கையையும் தழுவும் என்றும் வாதித்தார். அறிவின் பயன் பிறவுயிரின் நோயைத் தன் நோயாகக் கருதுவதே என்னும் கொள்கை தமிழ் அறமரபிற் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இடம்பெற்றது. யோனாஸ் ஆற்றலிலிருந்து பொறுப்பைப் பெற்றார். தமிழ் மரபு அறிவிலிருந்து அருளைப் பெற்றது. இரண்டும் ஓரிடத்திலேயே வந்து சேர்கின்றன. மனிதன் ஏனைய உயிர்களினும் உயர்ந்தவன் எனின், அவ்வுயர்வு அவற்றை ஒழிக்கும் உரிமையினால் அமைவதன்று. அவற்றுக்கு நேர்வதை அவனொருவனே அறிவான் என்பதனால் அமைவது.

பெரிய தீர்மானங்கள் பெரிய அவைகளில் எடுக்கப்படலாம். ஆயினும் கடமை ஊரளவிலும் உண்டு. வாவிக்கரையில் எந்தத் தாழ்நிலம் மாரிநீரைத் தாங்குவது, எதனை நிரப்பினால் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறும், எந்தக் கேணி கோடையிலும் நன்னீராய் நிற்பது என்பனவற்றை ஆரையம்பதி போன்ற ஊர்களின் மீனவரும் வேளாளரும் எந்த நூலையும் விட நன்கறிவர். அவர்களது அறிவைக் கேட்டறிந்து காணித் திட்டங்களில் இடம்பெறச் செய்வதும், பல்கலைக்கழக மாணவர் அதனைப் பதிவு செய்வதும் இயலாத செயல்களல்ல. தவளைக்குப் புகலிடமாகும் பள்ளமே வெள்ளத்துக்கும் வடிகாலாகும் இடங்கள் பல. அங்கெல்லாம் மனிதனின் நலமும் தவளையின் வாழ்வும் முரண்படுவதில்லை. முரண்படும் இடங்களிலேனும் முரண்பாட்டை அறிந்து, இழப்பது எது என்று எண்ணிப்பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும்.

எனவே, மங்களியில் கிடைத்த மண்டையோட்டை அழிப்புக்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டாகக் கொள்ளல் தவறு. அது கூறுவது இவ்வளவே: உயிரினங்கள் அழியும், அழிந்தவை மீளா. இவற்றுள் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோர் கவலையற்றிருப்பர். இரண்டாவதையும் சேர்த்து எண்ணுவோர் தம் கையைச் சற்றே நிறுத்துவர். மட்டக்களப்பு வாவியின் அடியில் இன்றும் சேறு படிந்து வருகின்றது. அது ஒருகாலத்திற் கல்லாகக்கூடும். மங்களியின் கல்லில் எது எஞ்சுவது என்பதைத் தீர்மானித்தவர் எவருமிலர். இனிப் படியும் கல்லில் எவை இல்லாதுபோகும் என்பதில் மனிதனுக்குப் பங்குண்டு. அப்பங்கினை அறிந்து நடத்தலே இவ்வுயிர்ச்சுவடு உணர்த்தும் அறம் எனலாம்.